திருப்பதி, சித்தூர் கழிவுநீர் எங்கே செல்கிறது? மூன்று நீர்வழிகள் – ஒரு விளக்கம்

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்ட நகரங்களில் பயன்படுத்தப்பட்டு வெளியேறும் நீர் இறுதியில் மூன்று நீர்வழிகளை நோக்கியே சரிகிறது. திருப்பதி, காளஹஸ்தி நகரங்களுக்கு சுவர்ணமுகி ஆறு, சித்தூர் நகருக்கு நீவா ஆறு, கடலோரம் உள்ள சூலூர்ப்பேட்டைக்கு காளங்கி ஆறும் பழவேற்காடு ஏரியும் வடிகாலாக அமைந்துள்ளன. இம்மூன்றில் இரண்டு தமிழ்நாட்டையும் தொடுகின்றன. ஆகவே இந்நகரங்களின் கழிவுநீர் எவ்வளவு தூய்மை செய்யப்படுகிறது என்பது ஆந்திராவின் உள்ளூர்ச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் மாவட்ட மக்களுக்கும் அதில் நேரடி அக்கறை உண்டு.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்றால் என்ன, அது எங்கே தடைபடுகிறது, சிறிய ஊர்களுக்கு எது பொருந்தும், பொதுமக்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று நீர்வழிகள்

சுவர்ணமுகி ஆறு பாகாலா அருகேயுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் தோன்றி, திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. தமிழ்ச் சைவ மரபில் பொன்முகலி எனப் போற்றப்படும் ஆறு இதுவே. இதன் துணையாறான கல்யாணி மீது கட்டப்பட்ட அணை திருப்பதியின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. மழைக்காலம் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி இவ்வாறு வறண்டே கிடக்கும். வறண்ட ஆற்றில் விழும் கழிவுநீரைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்ய வேறு நீர் இருக்காது என்பதால், சிறிய அளவும் பெரிய பாதிப்பை உண்டாக்கும்.

நீவா ஆறு சித்தூர் நகரைக் கடந்து செல்கிறது. அதன் நீர் பொன்னை ஆற்றின் வழியே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, திருவலத்தைத் தாண்டிப் பாலாற்றைச் சேர்கிறது. பாலாறு கல்பாக்கம் அருகே வயலூரில் கடலை அடைகிறது.

மூன்றாவது வழி காளங்கி ஆறு. இது சூலூர்ப்பேட்டை வழியாகச் சென்று பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ளது. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் உள்ளது. கடலோடு இணையும் முக்கிய முகத்துவாரம் தமிழ்நாட்டின் பழவேற்காட்டில் உள்ளது.

சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, சூலூர்ப்பேட்டையும் அதில் இணைந்தது. இதனால் திருமலையும் பழவேற்காடு ஏரிக்கரையும் ஒரே மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வந்தன.

எவ்வளவு கழிவுநீர் உருவாகிறது?

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்க வேண்டும் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேட்டின் அளவு. வழங்கப்படும் நீரில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் எனக் கணக்கிடப்படுகிறது. அதாவது ஒருவருக்கு 108 லிட்டர். 50,000 பேர் வாழும் ஒரு சிறிய நகரம் இக்கணக்குப்படி நாள்தோறும் 54 லட்சம் லிட்டர் கழிவுநீரை வெளியேற்றும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருப்பதி மாநகரில் 2,87,035 பேர் வசித்தனர். அவர்கள் மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 3.1 கோடி லிட்டர் கழிவுநீரை உருவாக்குவர். ஆனால் திருப்பதியின் உண்மையான சுமை அதைவிட அதிகம். திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் வருகின்றனர். அவர்களில் பலர் அடிவாரத்து விடுதிகளிலும் சத்திரங்களிலும் தங்கிக் குளித்து, உண்டு, புறப்படுகின்றனர். கணக்கெடுப்பில் இடம்பெறாத இவர்களுக்கும் சேர்த்தே குழாய்களும் நிலையங்களும் அமைக்கப்பட வேண்டியுள்ளது. பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி போன்ற நாள்களில் இச்சுமை பன்மடங்காகும்.

திருப்பதி மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையம் ரேணிகுண்டா அருகேயுள்ள தூக்கிவாக்கத்தில் அமைந்துள்ளது. அதன் திறன் நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர்.

சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது?

வீட்டுக் கழிவுநீரில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் நீரே. எஞ்சிய சிறு பகுதியான மலம், உணவு எச்சம், சோப்பு, எண்ணெய், மணல், கிருமிகள் ஆகியவற்றைப் பிரிப்பதே சுத்திகரிப்பு. இது பொதுவாக மூன்று கட்டங்களாக நடைபெறும்.

முதற்கட்டத்தில் கம்பி வலைகள் துணி, நெகிழிப் பைகள் போன்றவற்றைத் தடுக்கின்றன. பின்னர் மணலும் கனமான கசடும் தொட்டிகளில் அடியில் படிகின்றன.

இரண்டாம் கட்டமே சுத்திகரிப்பின் உயிர்நாடி. நீரில் கரைந்துள்ள கழிவுகளை நுண்ணுயிர்கள் உண்டு செரிக்கின்றன. அவை வாழ ஆக்சிஜன் தேவை. இயந்திரங்களைக் கொண்டு காற்றூட்டும் நிலையங்களில் அதற்கு மின்சாரம் செலவாகிறது. ஆக்சிஜனேற்றக் குட்டைகள் எனப்படும் முறையில் வெயிலும் பாசியும் அதே பணியைச் செய்கின்றன. குட்டைகளுக்கு மின்செலவு குறைவு, ஆனால் நிலம் அதிகம் வேண்டும். வெயில் மிகுந்த, நிலம் கிடைக்கக்கூடிய சிறிய ஊர்களுக்கு இம்முறை பொருந்தும். நகரம் வளர்ந்து நில மதிப்பு உயர்ந்த பிறகு குட்டைகளை விரிவாக்குவது கடினமாகிவிடும்.

மூன்றாம் கட்டத்தில் வடிகட்டலும், குளோரின் அல்லது புறஊதாக் கதிர் மூலம் கிருமி நீக்கமும் நடைபெறும். தொழிற்சாலைகளுக்கோ தோட்டங்களுக்கோ மீண்டும் பயன்படுத்த வேண்டுமானால் இக்கட்டம் இன்றியமையாதது.

இவற்றில் எந்தக் கட்டத்திலும் பிரியும் கசடு மறைந்துவிடுவதில்லை. அதை உலர்த்தி, கிருமி நீக்கி, உரமாக்கவோ பாதுகாப்பாக அகற்றவோ வேண்டும். கசடு அகற்றப்படாத நிலையம் நாளடைவில் தானே ஒரு சாக்கடைக் குட்டையாகிவிடும்.

திறன் வேறு, செயல்பாடு வேறு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 மார்ச்சில் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு இவ்விடைவெளியைத் தெளிவாகக் காட்டுகிறது. நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர் மட்டுமே. அதாவது உருவாகும் கழிவுநீரில் 28 விழுக்காடு.

அதே அறிக்கையின்படி ஆந்திரப் பிரதேசத்தில் நாளொன்றுக்கு 288 கோடி லிட்டர் உருவாக, நிறுவப்பட்ட திறன் 83 கோடி லிட்டராக இருந்தது. தமிழ்நாட்டில் 642 கோடி லிட்டருக்கு 149 கோடி லிட்டர் திறன் இருந்தது. இரு மாநிலங்களிலும் கழிவுநீரில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட நிலையங்கள் இல்லை என்பதே இதன் பொருள்.

நிலையம் இருந்தும் கழிவுநீர் அங்கு வந்து சேராதது மற்றொரு சிக்கல். வீட்டிலிருந்து தெருக்குழாய்க்கு இணைப்பு இல்லாவிட்டால், கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விழுந்து நேராக ஆற்றுக்குச் செல்லும். பல கோடி ரூபாய் செலவில் கட்டப்படும் நிலையத்தைவிட, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அமைய வேண்டிய சில மீட்டர் குழாயே பல நேரங்களில் விடுபட்டுப் போகிறது.

மழையும் இக்கணக்கைக் குலைக்கும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. சுவர்ணமுகியில் பெருவெள்ளம் பாய்ந்தது. அதே நாள்களில் பாலாற்றிலும் வெள்ளம் கரைபுரண்டது. இத்தகைய வேளைகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகக் கலந்து தெருக்களிலும் வீடுகளிலும் புகுவதால், வெள்ளம் வடிந்த பிறகே நோய்கள் தொடங்குகின்றன.

எது போதுமான தூய்மை?

கழிவுநீரின் மாசை அளக்கப் பயன்படும் முதன்மை அளவு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. சுருக்கமாக பி.ஓ.டி. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. அளவு கூடினால் ஆற்று நீரின் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடியும்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபர் 13 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் பி.ஓ.டி. பெருநகரங்களில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும், பிற ஊர்களில் 30 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. 100 மில்லிலிட்டரில் மலக் கோலிஃபார்ம் கிருமிகளின் எண்ணிக்கை 1,000க்குள் இருக்க வேண்டும். இவ்வளவு போதாது எனக் கருதிய தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 2019 ஏப்ரலில் பி.ஓ.டி. அளவை 10 மில்லிகிராமாகக் கடுமையாக்கி உத்தரவிட்டது.

தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ் 2021இல் திருப்பதிக்கு 'வாட்டர் பிளஸ்' சான்று வழங்கப்பட்டது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரைத் திறந்த வெளியிலோ நீர்நிலையிலோ விடாத நகரங்களுக்கு உரியது இச்சான்று. நகரம் விரிவடையும்தோறும், புதிய குடியிருப்புகளும் விடுதிகளும் இணையும்தோறும் இத்தகுதியைப் புதிதாக நிலைநாட்ட வேண்டியிருக்கும்.

கடலோரச் சிறுநகரங்களின் தனிச் சிக்கல்

சூலூர்ப்பேட்டை போன்ற கடலோர ஊர்களுக்குப் பெருநகர முறை அப்படியே பொருந்தாது. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, நிலம் தட்டையானது. கழிவுநீர் தானாக ஓடுவதற்குச் சரிவு வேண்டும். சரிவு இல்லாத இடத்தில் குழாயை மேலும் மேலும் ஆழமாகப் பதிக்க வேண்டும். இல்லையேல் ஆங்காங்கே நீரேற்று நிலையம் அமைக்க வேண்டும். மின்சாரம் தடைபட்டால் நீரேற்றம் நிற்கும், கழிவுநீர் தெருவில் வழியும்.

இரண்டாவது, நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கும். செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சுகுழிக்குச் செல்லும் நீர் மண்ணில் வடிகட்டப்படுவதற்கு முன்பே கிணற்று நீரைத் தொட்டுவிடும். கடலோர மணற்பாங்கான நிலத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

மூன்றாவது, ஏரியின் தன்மை. பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது. கடல்நீர் முகத்துவாரம் வழியே வந்து போனால்தான் அது உயிர்ப்புடன் இருக்கும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடுவதும், அதை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என மீனவர்கள் கோருவதும் பல்லாண்டுகளாகத் தொடர்கின்றன. நீரோட்டம் குறைந்த ஏரியில் கழிவுநீரின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்தால் பாசி பெருகி ஆக்சிஜன் குறையும். இறால், நண்டு, மீன் வளம் பாதிக்கப்படும். குளிர்காலத்தில் பூநாரைகள் இந்த ஏரிக்கு வருவதும் இதே உணவுச் சங்கிலியை நம்பித்தான்.

இத்தகைய ஊர்களுக்கு முழுமையான பாதாளச் சாக்கடைக்குப் பதிலாக, மலக்கசடு மேலாண்மை என்னும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. வீடுகளில் செப்டிக் டேங்குகளே இருக்கும். ஆனால் அவற்றை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயம் காலி செய்து, கசடை அதற்கென அமைந்த நிலையத்துக்கு லாரியில் கொண்டு செல்ல வேண்டும். மத்திய அரசு 2017 பிப்ரவரியில் இதற்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழியில், அருகிலுள்ள மதுராந்தகத்துக்கும் சேர்த்து மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. இரு சிறிய ஊர்கள் சேர்ந்து ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு அது சான்று.

தொட்டிகளில் பறிபோகும் உயிர்கள்

காலத்தே காலி செய்யாத தொட்டி நீரை மட்டுமல்ல, மனிதரையும் கொல்கிறது. 2018 பிப்ரவரியில் சித்தூர் மாவட்டம் பலமநேர் அருகே, கோழிப் பண்ணை நிறுவனம் ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்களில் ஏழு பேர் நச்சு வாயு தாக்கி உயிரிழந்தனர். மூடிய தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு செறிவு மிகும்போது மனிதனின் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அதே கதிக்கு ஆளாகிறார்.

பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதர்களை இவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இத்தகைய மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திர ஊர்தியை அழைப்பதற்கான உதவி எண் 14420.

எல்லை தாண்டும் நீர்

பாலாற்றின் பெயர் பெரும்பாலும் தோல் தொழிற்சாலைக் கழிவோடு சேர்த்தே பேசப்படுகிறது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் குறித்து 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. 2025 ஜனவரி 30 அன்றும் பாலாற்று மாசு குறித்து அந்நீதிமன்றம் மீண்டும் விரிவான தீர்ப்பு வழங்கியது. தொழிற்சாலைக்கு எதிராக வழக்குத் தொடுக்கலாம். ஆனால் லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து வரும் கழிவுநீருக்குத் தனியொரு குற்றவாளி இல்லை. உள்ளாட்சி அமைப்பே அதற்குப் பொறுப்பு.

பாலாற்றுப் படுகையில் மேற்பரப்பில் நீர் இல்லாத நாள்களிலும் மணலுக்கு அடியில் நீர் ஊறிக்கொண்டிருக்கும். வேலூர் முதல் செங்கல்பட்டு வரை பல ஊர்களின் குடிநீர்க் கிணறுகள் அந்த ஊற்றையே நம்பியுள்ளன. வீட்டுக் கழிவுநீரிலிருந்து மண்ணில் இறங்கும் நைட்ரேட்டை மணல் வடிகட்டாது. குடிநீரில் அதன் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். மிகுந்தால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் நீங்காது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள சித்தூரிலும் கீழ்ப்பகுதியில் உள்ள தமிழ்நாட்டு ஊர்களிலும் ஒருங்கே சுத்திகரிப்பு நடந்தால்தான் இந்த ஊற்று பாதுகாக்கப்படும்.

கழிவா, வளமா?

திருப்பதி தெலுங்கு கங்கைத் திட்டத்தின் மூலம் கிருஷ்ணா நதி நீரைப் பெறுகிறது. சென்னையும் அதே திட்டத்தின் நீரைக் குடிக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெருஞ்செலவில் கொண்டுவரும் நீரை ஒருமுறை மட்டும் பயன்படுத்தி ஆற்றில் விடுவது வறட்சிப் பகுதிக்குக் கட்டுப்படியாகாது.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு ஆகிய இடங்களில் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் 2019 முதல் செயல்படுகின்றன. அவை தூய்மை செய்யும் நீர் தொழிற்சாலைகளுக்கு விற்கப்படுகிறது. தொழிற்சாலை கழிவுநீரை மறுபயன்பாட்டுக்கு எடுக்கும் அளவுக்கு, நல்ல நீர் மக்களின் குடிநீருக்கு மிஞ்சுகிறது. தடா அருகேயுள்ள ஸ்ரீசிட்டி போன்ற தொழிற்பேட்டைகளைக் கொண்ட திருப்பதி மாவட்டத்துக்கும் இவ்வழி திறந்தே உள்ளது.

நிதி எங்கிருந்து?

2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்ட அம்ருத் திட்டத்தில் திருப்பதி, சித்தூர் நகரங்கள் இடம்பெற்றன. 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட அம்ருத் 2.0 திட்டம், முதல் கட்டத்தில் தேர்வான 500 நகரங்களின் கழிவுநீர்ப் பணிக்கு நிதி அளிக்கிறது. ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட சிறு நகரங்களுக்கு அதே நாளில் தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா இயக்கம் 2.0 வழி வகுக்கிறது. கட்டுமானத்துக்கு மத்திய, மாநில அரசுகளின் பணம் கிடைக்கும். ஆனால் ஆண்டுதோறும் மின்கட்டணம், பழுதுபார்ப்பு, ஊழியர் ஊதியம் ஆகியவற்றை நகராட்சியே சுமக்க வேண்டும். கட்டி முடித்த நிலையங்கள் முழுத் திறனில் ஓடாமல் போவதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஓர் ஊரின் கழிவுநீர் நிலையை அறிய ஐந்து கேள்விகள் போதும். நகரில் எத்தனை வீடுகளுக்குச் சாக்கடை இணைப்பு உள்ளது? நிலையத்துக்கு நாள்தோறும் உண்மையில் எவ்வளவு நீர் வருகிறது? வெளியேறும் நீரின் பி.ஓ.டி., கோலிஃபார்ம் அளவுகள் என்ன? கசடு எங்கே கொண்டு செல்லப்படுகிறது? செப்டிக் டேங்க் லாரிகள் எங்கே கொட்டுகின்றன?

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி, ஒவ்வொரு நிலையமும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற்றே இயங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகராட்சியிடமும் வாரியத்திடமும் இவ்விவரங்களைக் கோரலாம். 30 நாள்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். புதிய நிலையத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் பொறிக்கப்படுவது அதன் திறன் மட்டுமே. அதிலிருந்து வெளியேறும் நீர் எத்தகையது என்பதை ஆய்வறிக்கையே சொல்லும்.